கோப்பு அவர்கள் கையில், கேள்வி நம் கையில்: நீதிமுறை மறுஆய்வில் ஒளிவுமறைவின்மைக் கடமை

1980களில் இங்கிலாந்தின் லங்காஷயர் கவுன்ட்டி கவுன்சிலிடம் ஒரு மாணவி பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டார். சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய தொகை அல்ல அது. கவுன்சில் மனம் வைத்தால் கொடுக்கலாம், வைக்காவிட்டால் மறுக்கலாம். கவுன்சில் மறுத்தது. ஏன் என்று கேட்டு அவர் நீதிமன்றம் போனார். அங்கேயும் கவுன்சில் தன் காரணங்களை விவரமாகச் சொல்ல முன்வரவில்லை. மனுதாரரின் வழக்கை மனுதாரர்தான் நிரூபிக்க வேண்டும், அவருக்காக நாங்கள் ஏன் எங்கள் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும் என்பதுதான் அதன் போக்கு.

சாதாரண சிவில் வழக்கில் இந்தப் போக்கைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அரசு முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும் நீதிமுறை மறுஆய்வு என்பது எல்லாச் சீட்டுகளையும் மேசைமேல் முகம் தெரிய வைத்து நடத்த வேண்டிய வழக்கு, அந்தச் சீட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தொடக்கத்தில் அரசு அமைப்பின் கையில்தான் இருக்கும் என்றார் நீதிபதி சர் ஜான் டொனால்ட்சன். அந்த மாணவியின் பெயரால் ஹடில்ஸ்டன் வழக்கு என்று இன்றும் மேற்கோள் காட்டப்படும் இந்தத் தீர்ப்பின் மையக் கருத்துக்கு 'டியூட்டி ஆஃப் கேண்டர்' என்று பெயர். தமிழில் ஒளிவுமறைவின்மைக் கடமை என்று வைத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தில் குடிவரவு, வீட்டுவசதி, கல்வி, சமூகநலம் என்று ஏதோ ஒரு அரசு முடிவால் அடிபட்டு வழக்கறிஞரைத் தேடிப் போகும் எவருக்கும் இந்தக் கடமையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் எதைக் கேட்கலாம் என்று புரியும்.

முதலில், இது என்ன மாதிரி வழக்கு?

நீதிமுறை மறுஆய்வில் நீதிபதி அரசு எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. அந்த முடிவை எடுக்கச் சட்டம் அதிகாரம் கொடுத்திருந்ததா, நியாயமான நடைமுறை பின்பற்றப்பட்டதா, கருத்தில் கொள்ள வேண்டியதைக் கொண்டார்களா, விவேகமுள்ள எந்த அதிகாரியும் எடுக்க முடியாத முடிவா, மனித உரிமைச் சட்டத்தை மீறுகிறதா என்றுதான் பார்ப்பார். இங்கிலாந்திலும் வேல்சிலும் இதை விசாரிப்பது உயர் நீதிமன்றத்தின் ஒரு பகுதியான நிர்வாக நீதிமன்றம். முதலில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தால்தான் முழு விசாரணை.

இப்போது சிக்கலைப் பாருங்கள். "கருத்தில் கொள்ள வேண்டியதைக் கொண்டார்களா" என்ற கேள்விக்கு விடை எங்கே இருக்கிறது? அமைச்சருக்குப் போன குறிப்பில். அதிகாரிகள் ஒருவருக்கொருவர் அனுப்பிய மின்னஞ்சல்களில். கூட்டக் குறிப்பின் ஓரத்தில் யாரோ எழுதிவைத்த இரண்டு வரிகளில். மனுதாரரிடம் இருப்பதோ ஒரே ஒரு கடிதம்: "தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது."

சாதாரண சிவில் வழக்கு என்றால் இரு தரப்பும் தங்களிடமுள்ள தொடர்புடைய ஆவணங்களைப் பட்டியலிட்டு மாற்றிக்கொள்ள விதிகள் உண்டு. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். நீதிமுறை மறுஆய்வில் இந்த இரண்டும் வழக்கமாகக் கிடையாது. நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டாலொழிய ஆவணங்களை வெளிப்படுத்தத் தேவையில்லை என்றே நடைமுறை விதி சொல்கிறது. குறுக்கு விசாரணை அபூர்வம். ஓர் அதிகாரி எழுத்தில் கொடுக்கும் சாட்சி வாக்குமூலமே பெரும்பாலும் முழுச் சாட்சியம். வழக்கு வேகமாக, குறைந்த செலவில் முடிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

அந்த வாக்குமூலம் உண்மையைச் சொல்லும், முழுதாகச் சொல்லும் என்று நம்பினால்தான் இந்த ஏற்பாடு தாங்கும். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இருப்பது ஒளிவுமறைவின்மைக் கடமை மட்டுமே. அதை எடுத்துவிட்டால், கண்ணைக் கட்டிக்கொண்டு தீர்ப்பு எழுதச் சொல்வதற்குச் சமம். இதை ஒரு நல்லெண்ண நெறிமுறையாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரசின் மீதான சட்டக் கட்டுப்பாடு முழுவதும் நடைமுறையில் இதன் மேல்தான் நிற்கிறது.

கடமை என்னவெல்லாம் கேட்கிறது

பொய் சொல்லக் கூடாது என்பதைவிட இது பெரியது. நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய விஷயத்துக்குத் தொடர்புள்ள எல்லா உண்மைகளையும் முழுமையாகவும் துல்லியமாகவும் விளக்க வேண்டும். மத்திய அரசுத் துறைகளுக்கு இது மிக உயர்ந்த கடமை என்று லாஸ் என்ற நீதிபதி 2002இல் சொன்னார். தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றியுள்ள கடலில் ஒரு கப்பலுக்கு மீன்பிடி உரிமம் மறுக்கப்பட்ட குவார்க் வழக்கு அது. வெளியுறவுத் துறையின் சாட்சியம் அந்த அளவுகோலுக்கு வரவில்லை என்று நீதிமன்றம் கண்டது.

தனக்குப் பாதகமானதையும் சொல்ல வேண்டும். நல்லது, கெட்டது, அசிங்கமானது எல்லாவற்றையும் எடுத்து வைப்பது அரசின் வேலை என்று 2018இல் சாகோஸ் தீவுகள் தொடர்பான ஒரு வழக்கில் நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. ஆயிரக்கணக்கான பக்கங்களை மனுதாரர் தலையில் கொட்டிவிட்டு, "எல்லாம் அதில் இருக்கிறது, தேடிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதும் கடமையை நிறைவேற்றியதாகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. முக்கியமானதை எடுத்துச் சுட்டிக்காட்ட வேண்டியது கோப்பை அறிந்தவர்தான்.

அந்தத் தீர்ப்பு தந்த காரணம் எளிமையானது. அரசு அமைப்பு தன் சொந்த நலனைக் காக்க வழக்காடும் தனிநபர் அல்ல. சட்டத்தின் ஆட்சியை நிலைநிறுத்துவதில் அது நீதிமன்றத்தோடு கூட்டாக ஈடுபட்டிருக்கிறது. டொனால்ட்சனும் 1986இலேயே நீதிமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான உறவை ஒரு கூட்டு முயற்சி என்றுதான் விவரித்தார். தவறு செய்திருந்தால் அதைத் தெரிந்துகொள்வது அரசுக்கே நல்லது என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. வழக்கு நடக்கும் சூட்டில் இந்த எண்ணத்தை நினைவில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். வெளியே தெரியாமல் அப்படி நடந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

ஆவணத்தையே காட்ட வேண்டுமா, சுருக்கிச் சொன்னால் போதுமா? வடக்கு அயர்லாந்தின் டன்லாய் என்ற ஊரில் 2004 ஈஸ்டர் திங்களன்று நடக்கவிருந்த ஓர் அணிவகுப்புக்கு ஊர்வலங்கள் ஆணையம் கட்டுப்பாடு விதித்தது. காவல்துறையும் பிறரும் தந்த அறிக்கைகளை அது தன் வாக்குமூலத்தில் சுருக்கிச் சொன்னது. மூல ஆவணங்களைக் காட்டுங்கள் என்று மனுதாரர் கேட்டார். ட்வீட் வழக்கு என்று அறியப்படும் இதில் 2006இல், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, முடிவுக்கு முக்கியமான ஆவணம் என்றால் அதையே இணைப்பதுதான் பொதுவாக நல்ல நடைமுறை என்றது. எவ்வளவு நேர்மையாக, திறமையாகச் சுருக்கினாலும் சுருக்கம் பொருளைத் திரிக்கக்கூடும் என்று பிங்கம் பிரபு எழுதினார். அந்த வழக்கில் ஆவணங்களை முதலில் நீதிபதி பார்த்து, எவற்றைக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏற்பாடானது.

கடமை எப்போது தொடங்குகிறது? அனுமதி கிடைத்த பிறகு என்றுதான் ஹடில்ஸ்டன் தீர்ப்பு பேசியது. இன்றைய புரிதல் அதைவிட முன்னால் போகிறது. தன் முடிவை யாரோ எதிர்க்கப் போகிறார்கள் என்று துறைக்குத் தெரியவந்ததுமே கடமையை மனத்தில் வைத்துச் செயல்பட வேண்டும் என்று அரசு வழக்கறிஞர்களுக்கான 2010ஆம் ஆண்டு வழிகாட்டியே சொல்கிறது. வழக்கு முடியும் வரை அது தொடரும். நடுவில் புதிய ஆவணம் கிடைத்தாலோ, முன்பு சொன்னது தவறு என்று தெரிந்தாலோ உடனே திருத்த வேண்டும்.

பாதி உண்மை

2016 அக்டோபரில் பிரான்சின் கலே நகருக்கு வெளியே இருந்த அகதி முகாமை அந்நாட்டு அரசு இடித்தது. அங்கே துணையின்றி இருந்த சிறுவர்களில் பிரிட்டனில் உறவினர் உள்ளவர்களை அழைத்துக்கொள்ள ஒரு விரைவு நடைமுறையை பிரிட்டிஷ் உள்துறை நடத்தியது. நிராகரிக்கப்பட்ட சிறுவர்களுக்குக் காரணம் தரப்படவில்லை. சிட்டிசன்ஸ் யூகே என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. காரணம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு உள்துறை உயர் நீதிமன்றத்தில் தந்த விளக்கம், அவசரச் சூழலையும் பிரெஞ்சு அரசோடு இருந்த ஏற்பாட்டையும் பற்றியதாக இருந்தது. பிறகு இன்னொரு வழக்கில் வெளிவந்த மின்னஞ்சல்கள் மற்றொரு காரணத்தைக் காட்டின. விரிவான காரணம் எழுதிக் கொடுத்தால் அதை வைத்து வழக்குப் போடுவார்கள் என்ற கவலை அதிகாரிகளிடம் இருந்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அந்த நடைமுறை நியாயமற்றது என்றும், ஒளிவுமறைவின்மைக் கடமை மீறப்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று அது சொல்லவில்லை. ஆனாலும் கடமை மீறப்பட்டது. தொடங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கெட்ட எண்ணம் இருந்ததா என்பது தனிக் கேள்வி. வாக்குமூலத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்து, மொத்தமாகப் படித்தால் கிடைக்கும் சித்திரம் தவறாக இருந்தாலும் கடமை மீறப்பட்டதுதான்.

அதைவிட என்னைச் சினங்கொள்ள வைப்பது கைப்பேசி வழக்கு. 2020இல் சில மாதங்கள், சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்திறங்கிய புகலிடக் கோரிக்கையாளர்களிடமிருந்து உள்துறை அதிகாரிகள் கைப்பேசிகளைப் பறிமுதல் செய்தார்கள். கடவு எண்ணையும் கேட்டு வாங்கினார்கள். குடும்பத்தோடு தொடர்பு, பயண வழியில் எடுத்த படங்கள், கோரிக்கைக்கு ஆதாரமாக இருக்கக்கூடிய செய்திகள் எல்லாம் அந்தக் கருவியில்தான். விதிவிலக்கின்றி எல்லோரிடமும் எடுப்பது என்று எங்கும் வெளியிடப்படாத ஒரு கொள்கை இருந்தது. மனுதாரர்கள் அதை எதிர்த்துக் கேட்டபோது, அப்படி ஒரு கொள்கையே இல்லை என்று உள்துறை முதலில் மறுத்தது. பிறகுதான் இருந்தது என்று ஒப்புக்கொண்டது.

2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்தக் கொள்கை சட்டவிரோதம் என்றது. ஒளிவுமறைவின்மைக் கடமை தவறியதையும் தனியாக விசாரித்து விமர்சித்தது. இங்கே மறைப்பின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். வழக்குப் போட்ட சிலருக்கு வழக்கறிஞர் இருந்தார், விடாமல் கேட்டார்கள், உண்மை வந்தது. "அப்படி எதுவும் இல்லை" என்ற பதிலை நம்பி வழக்கே போடாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பது எந்தத் தீர்ப்பிலும் வராது.

அல்-ஸ்வெடி வழக்கு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 2004 மே 14 அன்று தெற்கு ஈராக்கில் பிரிட்டிஷ் படைக்கும் ஆயுதக் குழுவினருக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு, கைதிகள் முகாமில் கொல்லப்பட்டார்கள், சித்திரவதை செய்யப்பட்டார்கள் என்று ஈராக்கியர்கள் குற்றம் சாட்டினார்கள். சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று மறுஆய்வு வழக்கு வந்தது. பாதுகாப்பு அமைச்சகம் ஆவணங்களைக் கொடுப்பதில் திரும்பத் திரும்பத் தவறியது. 2009இல் நீதிமன்றம் மிகக் கடுமையாகக் கண்டித்தது. அமைச்சகத்தின் சாட்சியத்தை நம்பித் தீர்ப்பளிக்க முடியாத நிலையில் பொது விசாரணை அமைக்க வேண்டியதாயிற்று. அந்த விசாரணையின் அறிக்கை 2014 டிசம்பரில் வந்தது. கைதிகளைக் கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டு முழுப் பொய் என்றது. கைதிகளை நடத்திய விதத்தில் சில முறைகேடுகள் இருந்ததாகவும் கண்டது. தன் பக்கம் நியாயம் இருந்த முக்கியக் குற்றச்சாட்டில்கூட, கோப்பை ஒழுங்காகத் திறந்து காட்டாததால் அமைச்சகமும் அதன் வீரர்களும் ஐந்தாண்டுகள் கூடுதலாகச் சந்தேகத்தைச் சுமந்தார்கள். மேலே சொன்ன 2010 வழிகாட்டி இந்த வழக்கின் பின்விளைவாக வந்ததுதான்.

மனுதாரருக்கும் உண்டு

அரசைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிதான் சொன்னதாகும். அனுமதி கேட்கும் கட்டத்திலும், இடைக்காலத் தடை கேட்கும்போதும், நீதிபதி பெரும்பாலும் மனுதாரர் சொல்வதை வைத்தே முதல் முடிவை எடுக்கிறார். நாடுகடத்தல் விமானம் இன்றிரவு புறப்படுகிறது, தடை கொடுங்கள் என்று கேட்கும்போது எதிர்த்தரப்பு முழுப் பதில் தரவே அவகாசம் இருக்காது. அதனால் மனுதாரரும் தனக்குப் பாதகமானவை உட்பட முக்கிய உண்மைகளை எல்லாம் சொல்ல வேண்டும். முன்பு தாக்கல் செய்து தோற்ற வழக்குகள், தாமதத்துக்கான காரணம், வேறு மேல்முறையீட்டு வழி இருப்பது, எதிர்த்தரப்பு என்ன வாதம் வைக்கும் என்பது எல்லாம் இதில் அடங்கும்.

இதன் வேர் 1917இல் இருக்கிறது. வரி விதிப்பைத் தடுக்கக் கோரி இளவரசி எட்மண்ட் டி பொலின்யாக் லண்டனில் நீதிப்பேராணை கேட்டார். தையல் இயந்திரத்தால் பெருஞ்செல்வம் சேர்த்த சிங்கர் குடும்பத்துப் பெண் அவர். தான் இங்கிலாந்தில் வசிப்பவர் அல்ல என்பது அவர் வாதம். ஆனால் அவருடைய பிரமாணப் பத்திரம் முக்கிய உண்மைகளை மறைத்திருந்தது. நீதிமன்றம் வழக்கின் தகுதிக்குள்ளேயே போகாமல் மனுவைத் தள்ளியது. முழு உண்மையைச் சொல்லாதவரின் கோரிக்கையைக் கேட்கவே மாட்டோம் என்பதுதான் செய்தி.

மனுதாரரின் கடமையும் வழக்கின் முதல் நாளோடு முடிந்துவிடாது. நிலைமை மாறினால், வழக்கின் அடிப்படையே போய்விட்டால், தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நினைவூட்டியது. ஆனால் இரு தரப்பின் கடமையையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல என்பது என் கருத்து. தன் வாழ்க்கையைப் பற்றிய உண்மையைச் சொல்வது ஒருவருக்கு எளிது. ஒரு முழு அரசுத் துறையின் உள்ளே என்ன நடந்தது என்பதை அந்தத் துறை ஒன்றால்தான் சொல்ல முடியும்.

எதெல்லாம் இதில் வராது

வழக்கறிஞரும் கட்சிக்காரரும் பேசியது ரகசியம்தான். அரசு தன் சட்ட ஆலோசகரிடம் பெற்ற அறிவுரையைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த ரகசியத்தின் பின்னால் நின்றுகொண்டு நீதிமன்றத்துக்குத் தவறான சித்திரம் தரக் கூடாது. தேசியப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகச் சில ஆவணங்களை மறைக்க அரசு நீதிமன்றத்தின் ஒப்புதலைக் கேட்கலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மனுதாரரே இல்லாத மூடிய அமர்வில் சில ஆவணங்களைப் பார்க்கவும் வழி செய்திருக்கிறது. இவற்றில் எதுவும் அதிகாரி தானாகத் தீர்மானித்து மறைக்க உரிமை தருவதில்லை.

பெயர்களைக் கறுப்பு மையால் அழிப்பது சமீப ஆண்டுகளில் பெரிய சர்ச்சையானது. கீழ்நிலை அரசு ஊழியர்களின் பெயர்களை எல்லா ஆவணங்களிலும் அழித்துக் கொடுப்பதை அரசுத் துறைகள் வழக்கமாக்கியிருந்தன. புகலிடக் கோரிக்கையாளர்களைத் தங்கவைக்கும் வீடுகள் பற்றிய விதிமுறைகளை எதிர்த்த ஒரு வழக்கில், இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பெயரழிப்பது ஒளிவுமறைவின்மைக்கு ஒவ்வாது என்று 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட ஒருவருக்கு ஆபத்து என்றால் அந்தக் காரணத்தைச் சொல்லி அழிக்கலாம். யார் யாருக்கு எழுதினார் என்று தெரியாத மின்னஞ்சல் தொடரைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெயர் போனால் பொருளும் பாதி போய்விடும்.

மீறினால் என்ன ஆகும்?

இங்கேதான் இந்தக் கோட்பாட்டின் பலவீனம். நீதிமன்றம் குறிப்பிட்ட ஆவணங்களைக் கொடுக்க உத்தரவிடலாம். அதிகாரியைக் குறுக்கு விசாரணைக்கு அழைக்கலாம். சொல்லாமல் விட்டதிலிருந்து அரசுக்கு எதிரான ஊகத்துக்கு வரலாம். செலவுத்தொகையைச் சுமத்தலாம். தெரிந்தே பொய் சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு. ஆனால் இவை எல்லாமே மறைத்தது வெளியே வந்தால்தான். கடமையை நிறைவேற்றியாயிற்றா என்று முதலில் முடிவு செய்வது கோப்பை வைத்திருப்பவரேதான்.

சாகோஸ் தீவினரின் கதை இதைக் கசப்பாகக் காட்டுகிறது. இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள அந்தத் தீவுகளிலிருந்து, டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1973க்குள் மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். மொரீஷியசிலும் செஷல்சிலும் வறுமையில் விடப்பட்டார்கள். 2000இல் லண்டன் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2004இல், நாடாளுமன்றத்துக்குப் போகாமல் அரசியின் பெயரில் அரசு பிறப்பித்த ஆணைகள் மூலம் திரும்பும் உரிமை மறுபடி பறிக்கப்பட்டது. சாகோஸ் மக்களின் தலைவர் ஒலிவியே பான்கூல்ட் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2008இல் பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. மறுகுடியேற்றம் நடைமுறைக்கு ஒவ்வாதது, பெருஞ்செலவு பிடிக்கும் என்ற ஓர் ஆய்வறிக்கையை அரசு சார்ந்திருந்தது.

அந்த ஆய்வறிக்கை எப்படி உருவானது, வரைவைப் பற்றி அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்பதைக் காட்டும் ஆவணங்கள் 2012இல், வேறொரு வழக்கில் வெளிவந்தன. முந்தைய வழக்கின்போதே கொடுத்திருக்க வேண்டியவை அவை. இவை இருந்திருந்தால் 2008 தீர்ப்பு வேறாக இருந்திருக்கும், அதை ரத்து செய்யுங்கள் என்று பான்கூல்ட் கேட்டார். 2016இல் உச்ச நீதிமன்றம் மறுபடி மூன்றுக்கு இரண்டு என்று மறுத்தது. ஆவணங்களைக் கொடுக்காதது மிகவும் வருந்தத்தக்கது, ஆனால் கொடுத்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பது பெரும்பான்மையின் கருத்து. லேடி ஹேலும் கெர் பிரபுவும் உடன்படவில்லை. சிறுபான்மைத் தீர்ப்பே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மறைத்தவர் தன் மறைப்பின் பயனை வைத்துக்கொள்ள முடியும் என்றால், கடமைக்குப் பல் எங்கே?

இதே டியேகோ கார்சியாவில்தான் 2021 அக்டோபரில் ஈழத் தமிழ் அகதிகளின் படகு கரை சேர்ந்தது. அவர்களை ஆண்டுக்கணக்கில் வேலிக்குள் வைத்திருந்தது சட்டவிரோதச் சிறைவைப்பு என்று அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதுவும் அரசின் அதிகாரத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்டதால் கிடைத்த தீர்ப்புதான்.

பிரிட்டனில் இப்போது இதே பெயரில் பேசப்படும் இன்னொரு கடமையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1989 ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத் துயரத்தில் 97 பேரை இழந்த குடும்பங்களின் நெடிய போராட்டத்தின் பயனாக, பொது அதிகாரிகள் விசாரணை ஆணையங்களிலும் மரண விசாரணைகளிலும் உண்மையை மறைக்கக் கூடாது, மறைத்தால் குற்றம் என்று சொல்லும் மசோதா 2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. நாம் பேசிக்கொண்டிருப்பது அதற்கு வெகு முன்பே நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு வளர்த்தெடுத்த விதி.

இந்தியாவில்

நம் உயர் நீதிமன்றங்களில் அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் ரிட் மனு போடுபவர்களுக்கும் இந்த மரபு சொந்தம். உண்மையை மறைத்து வரும் மனுதாரருக்கு நிவாரணம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் கே.டி. சர்மா வழக்கில் சொன்னபோது, அந்தப் பழைய 1917 தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டியது. மனுதாரர் தூய கரங்களோடு வர வேண்டும் என்ற பகுதி இங்கே நன்றாகவே வேரூன்றியிருக்கிறது.

அரசின் பக்கம் அந்த அளவுக்கு வளரவில்லை. ஆனாலும் விதை இருக்கிறது. கறுப்புப் பணம் பற்றிய ராம் ஜெத்மலானி வழக்கில் 2011இல், அடிப்படை உரிமைகளுக்காக உச்ச நீதிமன்றத்தை அணுகும் வழக்கில் அரசு எதிராளிபோல நடந்துகொண்டு தகவலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. 2021இல் பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில், மத்திய அரசு விவரமான பதில் மனு தராமல் சுருக்கமாக நிறுத்திக்கொண்டபோது, அந்தத் தீர்ப்பை நினைவுபடுத்தி, தேசியப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் நீதிமன்றம் விலகிக்கொள்ளாது என்றது. இங்கே கவுன்டர் என்று வழக்கறிஞர்கள் அழைக்கும் பதில் பிரமாணப் பத்திரங்கள் பல நேரம் "மனுவில் உள்ளவை யாவும் மறுக்கப்படுகின்றன" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. இந்தத் தீர்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, மறுப்பு போதாது, கோப்பில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று வழக்கறிஞர்கள் கேட்கலாம்.

வழக்குக்கு முன் கடிதம்

இங்கிலாந்துக்கே திரும்பி, நடைமுறையில் இதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிவிடுகிறேன். வழக்குப் போடுவதற்கு முன் எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதம் அனுப்புவார்கள். பொதுவாக 14 நாள் அவகாசம் கொடுப்பார்கள். "தொடர்புடைய எல்லா ஆவணங்களையும் அனுப்புங்கள்" என்று எழுதினால் பெரும்பாலும் எதுவும் வராது. முடிவை எடுத்தவருக்குப் போன குறிப்பு, அதில் இணைக்கப்பட்டிருந்தவை, முடிவு எடுத்த தேதி, எழுதப்பட்ட கொள்கை உண்டா, உண்டென்றால் அதன் நகல், இல்லையென்றால் நடைமுறையில் என்ன பின்பற்றப்படுகிறது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கைப்பேசி வழக்கு கற்றுத் தந்தது இது. "கொள்கை உண்டா" என்று கேட்டால் "இல்லை" என்று தப்பிக்கலாம். "வந்திறங்கிய எல்லோரிடமும் எடுத்தீர்களா" என்று கேட்டால் தப்பிப்பது கடினம். ஒளிவுமறைவின்மைக் கடமையைக் கடிதத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஆவணங்களை அழிக்காமல் பாதுகாக்கவும் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளும் ஆவணங்களே.

பதில் வராவிட்டாலும், பாதி பதில் வந்தாலும் அந்தக் கடிதம் வீணாகாது. பின்னால் நீதிபதியிடம் ஆவண உத்தரவோ செலவுத்தொகையோ கேட்கும்போது, எந்தத் தேதியில் எதைக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று காட்ட அதுதான் சான்று. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மறுஆய்வு மனுவைத் தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும். நகரத் திட்டமிடல் போன்ற சில வழக்குகளுக்கு ஆறு வாரம்தான். துறையின் பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களும் அந்தக் கெடுவுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.